வீட்டுக்கடனை வங்கிக்கு மாற்றிய அனுபவம்: ரெப்போ இறங்கியது, திருப்பூருக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருடமாக ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் கட்டிக்கொண்டிருந்த கடனை 2025 நவம்பரில் ஒரு பொதுத்துறை வங்கிக்கு மாற்றினோம். என் மதிப்பெண்: பழைய கம்பெனிக்கு ஐந்துக்கு இரண்டு, புது வங்கிக்கு ஐந்துக்கு மூன்றரை. இரண்டு பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. கிளைக்குக் கிளை ஆள் மாறும், மேனேஜர் மாறுவார், ஆனால் வட்டியைக் கணக்குப் போடும் முறை எங்கே போனாலும் கம்பெனி முறை, வங்கி முறை என்ற இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும், அதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. பெருமாநல்லூர் பக்கம் 2021 கடைசியில் வீடு கட்ட முப்பது லட்சம் கடன் வாங்கினோம். அப்போது ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம். அது 2020 மே மாதம் கொரோனாவுக்காக இறக்கி வைத்தது. எங்களுக்கு 7.4 சதவீத வட்டி, 20 வருடம், இஎம்ஐ என்கிற மாதத் தவணை 24,000 ரூபாய்க்குப் பக்கம்.

பழைய கம்பெனியின் நல்லதையும் சொல்லியாக வேண்டும். கம்பெனிப் பையன் வீட்டுக்கே வந்து பேப்பர் வாங்கிப் போனான். மனையின் தாய்ப்பத்திரத்தில் ஒரு வாரிசுச் சிக்கல் இருந்தது, அப்போது வங்கிகள் அதைப் பார்த்ததுமே ஃபைலை ஓரம் வைத்துவிட்டார்கள், இவர்கள் வக்கீலை வைத்து என்ன பேப்பர் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, வாங்கி, முடித்துக் கொடுத்தார்கள். பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று கட்டக் கட்டப் பணம் சரியாக வந்தது, மேஸ்திரிக்கு ஒரு வாரம்கூட நிறுத்தவில்லை. ஐந்துக்கு இரண்டு கொடுத்ததே இதற்காகத்தான்.

அப்புறம் நடந்ததுதான் கதை. 2022 மே 4-ஆம் தேதி ரிசர்வ் வங்கி திடீரென்று கூடி ரெப்போவை 4.40 ஆக்கியது. உக்ரைன் போர், கச்சா எண்ணெய் விலை, உள்ளூர் பணவீக்கம் எல்லாம் சேர்ந்து 2023 பிப்ரவரிக்குள் 6.50 வரை ஏற்றிவிட்டார்கள், மொத்தம் இரண்டரை சதவீதம். எங்கள் வட்டியும் அதே வேகத்தில் 9.9-க்குப் போனது. இஎம்ஐ 27,000 ஆனது. அது போதாது என்று தவணைக் காலத்தையும் நீட்டியிருந்தார்கள். நியாயமாக 222 மாதம் பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டேட்மென்ட்டில் 261 என்று இருந்தது. யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, ஒரு எஸ்எம்எஸ் வந்தது, அதில் "உங்கள் வட்டி விகிதம் திருத்தப்பட்டுள்ளது" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இது எவ்வளவு மோசமாகப் போகக்கூடும் என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். முப்பது லட்சம், 20 வருடம், 6.75 சதவீதம் என்றால் இஎம்ஐ 22,811. அதே அசலுக்கு வட்டி 9.25 ஆனால் ஒரு மாத வட்டி மட்டுமே 23,125. அதாவது இஎம்ஐயை ஏற்றாமல் விட்டால் வட்டியே அடையாது, அசல் வளரும். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பேர் இந்த ஓரத்துக்கு வந்து நின்றதால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது: வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா, இல்லை ஒரு தொகையை முன்கூட்டிக் கட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்று. இந்த உத்தரவு வங்கிக்கும் பொருந்தும், வீட்டுக்கடன் கம்பெனிக்கும் பொருந்தும். கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை.

சரி, ஏறியது ஏறியது. இறங்கும்போது என்ன ஆனது?

2025 பிப்ரவரியில் ரெப்போ 6.25, ஏப்ரல் 9-ஆம் தேதி 6.00, ஜூன் 6-ஆம் தேதி ஒரேயடியாக அரை சதவீதம் குறைந்து 5.50. நாலு மாதத்தில் ஒரு சதவீதம். எங்கள் வட்டி 9.9-லிருந்து 9.5-க்கு வந்தது, அவ்வளவுதான். கிளையில் கேட்டபோது சொன்ன பதில்: "எங்களுக்கு ரெப்போ கணக்கு இல்லீங்க சார், எங்க கம்பெனி ரேட்டுதான்."

அவர் சொன்னது உண்மைதான், இங்கேதான் பலருக்கும் குழப்பம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு கட்டியாக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதைத் திருத்தியாக வேண்டும். வீட்டுக்கடன் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவர்கள் தங்களுக்கென்று ஒரு அடிப்படை விகிதம் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் பக்க நியாயமும் கொஞ்சம் உண்டு: அவர்களுக்கு நம்மைப் போன்றவர்களின் சேமிப்புக் கணக்குப் பணம் இல்லை, பெரும்பாலும் கடன் பத்திரம் போட்டும் வங்கியில் கடன் வாங்கியும்தான் பணம் திரட்டுகிறார்கள், மூன்று வருடம் ஐந்து வருடத்துக்கு என்று ஒரே வட்டியில் வாங்கிய பணம் ரெப்போ இறங்கிய மறுநாள் மலிவாகிவிடாது. கீழ்பவானியில் தண்ணீர் திறந்த அன்றே கடைமடை வயல் நனையாது, அது புரிகிறது. ஆனால் அதே கம்பெனி அதே மாதத்தில் புதிதாக வருபவர்களுக்கு 8-க்குக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தது. நாலு வருடமாக ஒரு தவணை தவறாமல் கட்டியவனுக்கு 9.5. அதைக் குறைக்க வேண்டுமென்றால் "கன்வெர்ஷன் ஃபீஸ்" கட்டச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

நாலு வருடத்தில் நாங்கள் கட்டியது பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். அசல் குறைந்தது இரண்டு லட்சம். பாக்கி 28 லட்சம்.

இப்போது அமெரிக்க வரிக்கு வருகிறேன், ஏனென்றால் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கடன் வட்டியைப் பற்றி அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி டிரம்ப் இந்தியப் பொருட்களுக்கு 26 சதவீத இறக்குமதி வரி என்று அறிவித்தார். ஏப்ரல் 9-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போவைக் குறைத்தபோது, இந்த வரியால் உலக வர்த்தகமும் நம் வளர்ச்சியும் அடிபடும் என்ற கவலையையும் கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா வெளிப்படையாகவே பேசினார். பொருளாதாரம் மந்தமாகும் என்ற பயம் இருக்கும்போது, பணவீக்கமும் அடங்கியிருந்தால், வட்டியைக் குறைத்துக் கடனை மலிவாக்குவார்கள், ஜனங்கள் வீடு வாங்கட்டும், கம்பெனிகள் மெஷின் போடட்டும் என்று. ஆக வர்த்தகச் சண்டை ஒரு வாசல் வழியாக வட்டியைக் கீழே தள்ளுகிறது.

அதே சண்டை அமெரிக்காவில் வேறு மாதிரி வேலை செய்தது. அங்கே பெரும்பாலும் 30 வருடத்துக்கு ஒரே வட்டி. அது அவர்களின் மத்திய வங்கி வைக்கும் விகிதத்தைவிட, பத்து வருட அரசுக் கடன் பத்திரத்தின் வருமானத்தை ஒட்டித்தான் நகரும். ஏப்ரல் அறிவிப்பு வந்ததும் பயத்தில் எல்லாரும் பத்திரம் வாங்க, அந்த வருமானம் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. ஒரே வாரத்தில் விலைவாசி ஏறும், அரசாங்கக் கடன் பெருகும் என்ற பயம் மேலே வந்து ஏறக்குறைய 4.5-க்குப் போய்விட்டது. வீட்டுக்கடன் வட்டியும் 7-ஐ ஒட்டியே நின்றது. டல்லாஸில் இருக்கும் என் பங்காளி 2021-இல் 3 சதவீதத்தில் வாங்கிய வீட்டை விற்கவே மாட்டேன் என்கிறான், விற்றால் அடுத்த வீட்டுக்கு அதைப்போல இரண்டு மடங்கு வட்டி கட்ட வேண்டும். நம் ஊரில் அப்படி இருபது வருடத்துக்கு நிலையான வட்டி என்பது பெயரளவில்தான், எனவே ஏற்றமும் இறக்கமும் நேராக நம் தலையில்தான் வந்து விழும்.

ஏப்ரலில் அறிவித்த அந்த வரி 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதமாக வந்தது, ரஷ்ய எண்ணெய்யைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25, மொத்தம் 50 ஆனது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. ஆகஸ்டில் 27-க்குள் போர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ராத்திரி பகலாகப் பேக்கிங் ஓடியது, அதன் பிறகு ஓவர்டைம் நின்றது. பையர் ஒவ்வொருவரும் தள்ளுபடி கேட்டார்கள். கரூர் பெட்ஷீட், டவல் ஆட்களுக்கும் இதே நிலைமைதான்.

இந்த நேரத்தில்தான் நாங்கள் கடனை மாற்ற வங்கிக்குப் போனோம். வெளியே சில பொதுத்துறை வங்கிகள் 7.35-லிருந்து என்று விளம்பரம் போட்டுக்கொண்டிருந்த சமயம். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் என் சிபில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு அதிகாரி சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். சம்பளச் சீட்டைப் புரட்டியதும் கேட்டார்:

"ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கம்பெனிக்கு யுஎஸ் ஆர்டர் எவ்வளவுங்க?"

"பாதிக்கு மேல யுஎஸ்தானுங்க."

"அப்படீங்களா. அப்ப ஒரு வருசத்துக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் குடுத்துருங்க, மேல அனுப்பிப் பார்க்கலாம்."

மேலே போய் வந்தது 8.10. ரெப்போ 5.50, அதன்மேல் 2.60 ஸ்ப்ரெட். ரெப்போ எல்லாருக்கும் ஒன்று. அதன்மேல் சேரும் இந்த ஸ்ப்ரெட்தான் ஆளுக்கு ஆள் மாறுவது, உங்கள் சிபில், உங்கள் வேலை, உங்கள் கம்பெனி, கடன் தொகைக்கும் வீட்டு மதிப்புக்கும் உள்ள விகிதம் எல்லாம் அதில்தான் வரும். வரியால் வந்த மந்தப் பயம் ரெப்போவை இறக்கியதற்கு ஒரு காரணம், அதே வரி என் சம்பளத்தைச் சந்தேகத்துக்கு உரியதாக்கி ஸ்ப்ரெட்டை ஏற்றியது. சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் என் நண்பனுக்கு முதல் வாசலில் வந்த லாபம் முழுசாகக் கிடைத்தது. திருப்பூர்க்காரனுக்கு இரண்டாவது வாசலில் பாதி போய்விடுகிறது.

இந்த வங்கிக்கு நான் மூன்றரை கொடுத்ததற்குக் காரணம், அந்த அதிகாரி அதோடு விடவில்லை. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மாவை முதல் விண்ணப்பதாரரா போடுங்க, நீங்க கூட்டா இருந்துக்கங்க" என்றார். அரசுச் சம்பளம் முதலில் வந்ததும், பெண்களுக்கான சின்னச் சலுகையும் சேர்ந்து 7.75 ஆனது. அதே வீடு, அதே குடும்பம், அதே வருமானம், பெயர் வரிசை மட்டும் மாறியது. இந்த யோசனையை அவர் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. வீட்டில் ஒருவர் அரசு வேலையிலோ மருத்துவமனை, கல்லூரி மாதிரி ஏற்றுமதியைச் சாராத வேலையிலோ இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

கணக்கைச் சொல்கிறேன். பாக்கி 28 லட்சம், இஎம்ஐ 27,000. 9.5 சதவீதத்தில் இன்னும் 218 மாதம் கட்ட வேண்டும். 7.75-இல் 172 மாதம். 46 மாதம் குறைகிறது, கிட்டத்தட்ட நாலு வருடம். வங்கியில் இஎம்ஐயைக் குறைத்துத் தரட்டுமா என்றுதான் முதலில் கேட்டார்கள், வேண்டாம், அதே 27,000 இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். புதிதாகக் கடன் வாங்கியவர்களும் இதைப் பார்க்கலாம்: முப்பது லட்சத்துக்கு 8.75-இல் 20 வருட இஎம்ஐ 26,511. வட்டி 7.50 ஆகி இஎம்ஐயைக் குறைத்தால் 24,168, மொத்தத்தில் ஐந்தரை லட்சம் மாதிரி மிச்சம். இஎம்ஐயைத் தொடாமல் விட்டால் 240 மாதம் 197 ஆகிறது, மிச்சம் பதினோரு லட்சத்துக்கு மேல். ஓவர்டைம் நின்று கையில் காசு இறுகியிருக்கும் வீட்டில் இஎம்ஐயைக் குறைப்பதுதான் சரி, அதில் தப்பே இல்லை. தாங்க முடிந்தவர்கள் தொடாமல் விடுங்கள்.

மாற்றும் செலவு பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, வங்கிகளுக்கு 2012-லிருந்தே இதுதான் விதி, கம்பெனிகளுக்கும் இதேதான். பழைய கம்பெனியில் ஏதாவது பேர் சொல்லி வசூலிக்கப் பார்த்தால் எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு எம்ஓடி பதிவு (பத்திரத்தை அடமானம் வைத்ததற்கான பதிவு), லீகல் ஒப்பீனியன், வேல்யூவேஷன், ஈசி (வில்லங்கச் சான்று) எல்லாம் சேர்த்து ஒரு மாத இஎம்ஐயைத் தாண்டவில்லை, ப்ராசஸிங் ஃபீஸைப் பண்டிகைச் சலுகையில் தள்ளிவிட்டார்கள். கடன் அடைத்த முப்பது நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளைக்கு 5,000 ரூபாய் இழப்பீடு, இது 2023 டிசம்பரிலிருந்து உள்ள விதி. பழைய கம்பெனி கடைசி வாரம் வரை இழுத்தது, இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போட்டதும் பத்திரம் வந்துவிட்டது.

புது வங்கியின் குறைகள். லிஸ்ட்டில் இருக்கும் வக்கீல் ஒரே ஆள், அவர் கையெழுத்துக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். கொடுத்த பேப்பரையே திரும்பக் கேட்பார்கள். வீட்டு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்கிற மாதிரி பேசினார்கள், கட்டாயமா என்று கேட்டதும் "விருப்பம்தானுங்க" என்று மாறியது. ஆப் இருக்கிறது, அதில் ஸ்ப்ரெட் எவ்வளவு என்று தனியாகக் காட்டாது, மொத்த வட்டியை மட்டும் காட்டும். 2024 அக்டோபரிலிருந்து கடன் கொடுக்கும்போது முக்கிய விவரங்களை ஒரே தாளில் தர வேண்டும், அந்தத் தாளைக் கேட்டு வாங்கி ஸ்ப்ரெட் எண்ணை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கியவரின் தரத்தில் பெரிய மாற்றம் இல்லாமல் ஸ்ப்ரெட்டில் உள்ள ரிஸ்க் பங்கை வங்கி இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. தவணை தவறினால் அந்தக் காரணத்தை நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடும், கவனம்.

என்னால் இன்னும் ஒத்துக்கொள்ள முடியாத ஒன்று இருக்கிறது. வரியால் அடிபட்ட ஏற்றுமதியாளர்களுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்க நவம்பரில் ரிசர்வ் வங்கி வழி செய்தது. நல்ல விஷயம், கம்பெனி நின்றால்தான் நாங்கள் நிற்போம். ஆனால் அந்தக் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கும் டெய்லருடைய வீட்டுக்கடனுக்கு அதில் இடமில்லை. எங்கள் கட்டிங் மாஸ்டர் ஊத்துக்குளி பக்கம் வாங்கி வைத்த மனையில் வீடு கட்டப் பன்னிரண்டு லட்சம் கேட்டுப் போனார். பத்திரம் சுத்தம், சிபில் நன்றாக இருக்கிறது, "நிலைமை தெளியட்டும், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சிமெண்ட் ஜிஎஸ்டி செப்டம்பரில் 28-லிருந்து 18 ஆனது, 2025 கடைசியில் வட்டி மூன்று வருடத்தில் இல்லாத அளவு இறங்கியிருந்தது, கட்ட நல்ல நேரம் அதுதான், அவருக்குக் கதவு சாத்தியிருந்தது. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் ஆட்களின் பிஎஃப் பதிவையும் சில வருடச் சேமிப்புக் கணக்கு வரவையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவு எடுக்க இந்த ஊர்க் கிளைகளுக்காவது அதிகாரம் கொடுக்க வேண்டும். பத்து வருடமாக வாரம் தவறாமல் சம்பாதித்த மனிதரை ஒரு நாட்டின் சுங்கவரியை வைத்து மட்டும் எடை போடக்கூடாது.

இதை எழுதும் 2025 டிசம்பரில், 5-ஆம் தேதி ரெப்போ இன்னும் கால் சதவீதம் குறைந்து 5.25 ஆனது. அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று வந்ததால் குறைக்க இடம் இருந்தது. இதற்கு மேலும் வேகமாக இறங்கும் என்று நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம், அதே வாரத்தில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது, ரூபாய் சரியும்போது இறக்குமதி விலை ஏறும், ரிசர்வ் வங்கி கையைக் கட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். 9-க்கு மேல் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்காமல், இப்போதே பழைய இடத்தில் வட்டியைக் குறைக்க எவ்வளவு கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கி, அதை எடுத்துக்கொண்டு இரண்டு வங்கிகளில் விசாரியுங்கள். பாக்கிக் காலம் பத்து வருடத்துக்கு மேல் இருந்து அரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மாற்றுங்கள், ஐந்து வருடத்துக்குள் முடியப்போகிறதென்றால் விட்டுவிடுங்கள். வாரிசுச் சிக்கல், பத்திரக் குறை இருப்பவர்கள் முதலில் கம்பெனியில் வாங்கிக் கட்டி முடித்து, பேப்பரைச் சரிசெய்துகொண்டு பிறகு வங்கிக்குப் போகலாம், அதற்கு அந்தக் கம்பெனிகள் உதவும்.

எங்கள் கணக்கில் திருத்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான், டிசம்பர் குறைப்பு 2026 பிப்ரவரியில்தான் வரும் என்றார்கள். வந்தால் 7.50. அந்த மாத ஸ்டேட்மென்ட்டில் 2.25 ஸ்ப்ரெட் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இந்த மூன்றரையை நாலாக மாற்றுகிறேன்.